மோட்டலா... வீட்டு வண்டியா? ஒரே பாதையில் இரண்டு பயணங்கள்!

மகன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் இரண்டு வாரமாக ஒரே பட்டிமன்றம். விடுமுறைப் பயணத்துக்கு வழக்கம்போல காரில் போய் மோட்டல்களில் தங்குவதா, இல்லை மோட்டார் ஹோம் என்கிற வீட்டு வண்டியை வாடகைக்கு எடுப்பதா? மகன் தாளும் பேனாவுமாகக் கணக்குப் போடுகிறான். ஒன்பது வயதுப் பேரன், "வீல் வச்ச வீடுதான் வேணும்" என்று குதிக்கிறான். ஐந்து வயதுப் பேத்திக்கு அண்ணன் சொன்னதுதான் வேதவாக்கு. இவர் மட்டும் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க. நான் வீட்டைப் பாத்துக்கறேன்" என்றார்.

ஏன் அப்படிச் சொன்னார் என்பது எனக்குத் தெரியும். அந்தக் காரணத்தைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது. எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எழுது. என்னை மாதிரி எத்தனை பேர் வெளியில சொல்லாம வீட்டுக்குள்ளேயே உக்காந்திருக்காங்களோ" என்றார்.

முதல் பயணம்

நாங்கள் திருச்சிக்காரர்கள். மகன் குடும்பம் இருப்பது லாஸ் ஏஞ்சலீஸ் பக்கத்தில் இர்வைனில். 2019-ல் முதன்முறையாக அங்கே போனபோது ஒரு வாரம் காரில் சுற்றிக் காட்டினான். லாஸ் வேகாஸ், யூட்டா மாநிலத்தில் ஸயான், பிரைஸ் கேன்யன், பிறகு அரிசோனாவில் பேஜ், கிராண்ட் கேன்யன் என்று ஒரு வட்டம். மொத்தம் 1,300 மைல் இருக்கும். ஏழு இரவும் மோட்டல்.

மோட்டல் என்ற சொல்லே மோட்டாரும் ஹோட்டலும் சேர்ந்து பிறந்ததுதான். லாஸ் ஏஞ்சலீஸுக்கும் சான்பிரான்சிஸ்கோவுக்கும் நடுவழியில் உள்ள சான் லூயிஸ் ஒபிஸ்போவில் 1925-ல் திறந்த விடுதிக்குத்தான் முதலில் அந்தப் பெயரை வைத்தார்களாம். அறை வாசலிலேயே காரை நிறுத்தலாம். லாபி, பெட்டி தூக்கும் ஆள் என்ற ஜம்பமெல்லாம் கிடையாது. இரண்டு பெரிய கட்டில், ஒரு குளியலறை, குட்டி ஃபிரிட்ஜ், மைக்ரோவேவ். காலையில் பெரும்பாலான இடங்களில் ரொட்டி, அவித்த முட்டை, காபி இலவசம்.

ஒரு அறையில் நான்கு பேர் தங்கலாம். நாங்கள் ஆறு பேர். ஆகவே இரண்டு அறை. அவை பக்கத்துப் பக்கத்தில் கிடைக்கும் என்ற உத்தரவாதமில்லை. ஒரு ஊரில் எங்களுக்குக் கீழேயும் மகனுக்கு மேல்மாடியிலும் கிடைத்தது. பெட்டியைப் பிரிப்பதும் கட்டுவதுமாக தினமும் ஒரு குடித்தனம் மாற்றுகிற வேலை. ஆனாலும் நான் அதை அனுபவித்தேன் என்றுதான் சொல்வேன். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில், தொடர்ந்து ஏழு நாள் நான் அடுப்படிக்குள் நுழையாமல் இருந்தது அந்த ஒரு வாரம்தான்.

இவருக்கு அப்போதே புராஸ்டேட் வீக்கம் ஆரம்பித்திருந்தது. ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை வேறு. வந்தால் அடக்க முடியாது. மின்வாரியத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கம்பீரமாக வேலை பார்த்த மனிதர்; மருமகளும் குழந்தைகளும் இருக்கிற காரில் "வண்டியை நிறுத்துப்பா" என்று மணிக்கொரு தரம் சொல்லக் கூச்சம். அதற்கு அவர் கண்டுபிடித்த வைத்தியம், தண்ணீர் குடிக்காமல் இருப்பது.

பேஜ் ஊரிலிருந்து கேமரூன் வரை 80 மைல். நவஹோ பழங்குடியினரின் நிலம். இரு பக்கமும் செந்நிறப் பாறையும் வெட்டவெளியும்தான். ஒதுங்க ஒரு மரம் கிடையாது. அங்கேதான் அது நடந்தது. மகன் வண்டியை ஓரங்கட்டுவதற்குள் வேட்டி நனைந்துவிட்டது. யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. மருமகள் குழந்தைகளுக்கு ஜன்னல் வழியாக எதையோ காட்டிக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலம் கிராண்ட் கேன்யன் விளிம்பில், காலையிலிருந்து சரியாகத் தண்ணீர் குடிக்காத மனிதருக்குத் தலைசுற்றி, என் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு மைல் ஆழமுள்ள அந்த அதிசயத்தை அவர் பார்த்தது ஐந்து நிமிஷம்.

ஊர் திரும்பிய பிறகு ரயில் என்றால் மட்டும் வருவார். பஸ், கார் என்றால் ஏதாவது சாக்கு. மதுரையில் நடந்த என் தம்பி மகள் கல்யாணத்துக்குக்கூட எல்லோரும் வேனில் போக, இவர் வரவில்லை.

மருமகள் போட்ட கணக்கு

இதெல்லாம் தெரிந்தும் தெரியாததுபோல இருந்தோம். 2023 அக்டோபரில் மறுபடி போனபோதுதான் அந்தப் பட்டிமன்றம். மகன் இரண்டுக்கும் கணக்குப் போட்டான். மோட்டல் என்றால் இரண்டு அறை, ஏழு இரவு, வரியோடு 1,900 டாலர். வேனுக்குப் பெட்ரோல் 260. வெளிச் சாப்பாடு 900. வீட்டு வண்டி என்றால் வாடகை 1,200. அதற்குமேல் ஓடுகிற ஒவ்வொரு மைலுக்கும் தனிக் கட்டணம், அது ஒரு 500. ஒரு காலன் பெட்ரோலுக்கு ஒன்பது மைல்தான் கொடுக்குமாம், ஆக 700. ராத்திரி வண்டியை நிறுத்தும் இடத்துக்கு வாடகை 350. பாத்திரம், படுக்கை விரிப்பு 150. மளிகை தனி. கூட்டிப் பார்த்தால் இரண்டும் மூவாயிரம் டாலரைச் சுற்றியே வந்து நின்றன. "வீட்டையே கூட்டிட்டுப் போறோம், ரொம்ப மிச்சமாகும்" என்று நாங்கள் நினைத்தது பொய்த்தது.

அப்போதுதான் மருமகள் வாயைத் திறந்தாள். "பணம் சமமா இருக்கறதால பசங்க ஆசைப்படியே வீட்டு வண்டி எடுக்கலாம். மாமா, உங்களுக்கும் கால் நீட்டி உக்கார வசதி. உள்ளேயே டாய்லெட்டும் இருக்கு." கடைசி வாக்கியத்தை உப்புப் போதுமா என்று கேட்கிற தொனியில் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். இவர் பேப்பரை மடித்து வைத்தார். மறுநாள் காலையில் என்னிடம், "ஸ்வெட்டர் எங்கே வச்சிருக்கே?" என்றார்.

சக்கரம் வைத்த வீடு

நம் ஊரில் சினிமா நட்சத்திரங்களின் கேரவனைப் பார்த்திருப்பீர்கள். அதுபோலத்தான், ஆனால் குடும்பத்துக்கு. எங்களுடையது 28 அடி நீளம். டிரைவர் தலைக்கு மேலே ஒரு கட்டில், பின்னால் ஒரு கட்டில், சாப்பாட்டு மேஜையை மடக்கினால் இன்னொன்று. கேஸ் அடுப்பு, ஃபிரிட்ஜ், ஷவர், கழிப்பறை எல்லாம் உண்டு. இந்த அளவுள்ள வண்டியை ஓட்ட அங்கே சாதாரண கார் லைசென்ஸே போதும். ஆனால் மகன் முதல் நாள் முழுக்க ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தபடிதான் இருந்தான். பக்கத்தில் லாரி கடந்தால் வண்டி ஓர் ஆட்டம் ஆடும். உள்ளே டம்ளர்கள் ஜலதரங்கம் வாசிக்கும்.

ஒரு விஷயம் எங்களுக்கு முன்னாலேயே தெரியாமல் போயிற்று. ஓடும்போது எல்லோரும் பெல்ட் போட்டு உட்கார்ந்தே இருக்க வேண்டும். எழுந்து நடக்கக் கூடாது, காபி போடக் கூடாது. கழிப்பறைக்கும் வண்டியை நிறுத்திவிட்டுத்தான் போக வேண்டும். இவர் முகம் சுருங்கியது. ஆனால் நெடுஞ்சாலையை விட்டு இறங்குகிற முதல் இடத்தில் நிறுத்தினால் போதும். கடை தேட வேண்டாம், சாவி கேட்டு நிற்க வேண்டாம், வரிசை இல்லை. பேக்கர் என்ற சின்ன ஊரில் 134 அடி உயரத்தில் ஒரு ராட்சத தெர்மாமீட்டர் நிற்கிறது. 1913-ல் பக்கத்து டெத் வேலியில் பதிவான 134 டிகிரி ஃபாரன்ஹீட் வெப்பத்தின் நினைவாக அந்த உயரமாம். குழந்தைகள் அதைப் பார்க்க இறங்க, இவர் நிதானமாக உள்ளே போய்விட்டு வந்தார். யாரும் கவனிக்கக்கூட இல்லை. அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

வண்டி நிறுத்தும் முகாம்களில் கரன்ட், தண்ணீர், கழிவுநீர் மூன்றுக்கும் இணைப்பு இருக்கும். சில இடங்களில் ஒன்றும் இருக்காது. பார்த்து முன்பதிவு செய்ய வேண்டும். பாத்திரம் கழுவிய, குளித்த தண்ணீர் 'சாம்பல் தண்ணீர்' தொட்டிக்கு. கழிப்பறைத் தண்ணீர் 'கறுப்புத் தண்ணீர்' தொட்டிக்கு. எது எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று சுவரில் ஒரு பலகையில் விளக்கு எரியும். அந்தப் பலகையைக் கண்டதும் இவருக்குள் உறங்கிக்கிடந்த மின்வாரியம் விழித்துக்கொண்டது. பேட்டரி எவ்வளவு, கேஸ் எவ்வளவு, தொட்டி எவ்வளவு என்று தினமும் இரண்டு வேளை டைரியில் குறித்தார். முகாமுக்குப் போனதும் கரன்ட் ஒயரைச் செருகுவது அவர் பொறுப்பு. "தாத்தாதான் வண்டி இன்ஜினீயர்" என்று பேரன் பட்டம் கொடுத்துவிட்டான். கறுப்புத் தண்ணீர் குழாயை மாட்டிக் காலி செய்வதை மட்டும் மகன் விட்டுக்கொடுக்கவில்லை. கையுறையை மாட்டிக்கொண்டு, "அது என் டிபார்ட்மென்ட், அப்பா" என்று சொல்லிவிட்டான்.

ஸயானில் பள்ளத்தாக்குக்குள் அந்த மாதங்களில் சொந்த வண்டிகளை விடுவதில்லை. பூங்காவின் இலவச பஸ்தான். நமக்கு அது வசதி. ஆனால் அங்கிருந்து பிரைஸ் போகிற வழியில் 1930-ல் திறந்த ஒரு மலைச் சுரங்கச் சாலை, ஒரு மைலுக்குச் சற்று மேல் நீளம். கூரை வளைவாக இருப்பதால் பெரிய வண்டி தன் பக்கத்தில் மட்டும் ஒட்டிப் போக முடியாது. 15 டாலர் வாங்கிக்கொண்டு, எதிர்ப்பக்கப் போக்குவரத்தை நிறுத்திவைத்து, நடுச்சாலையில் அனுப்பினார்கள். பெரிய வண்டிகளுக்கான விதிகள் மாறக்கூடியவை. கிளம்பும்முன் பூங்காவின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

யார் பார்க்காத சூரிய உதயம்?

பிரைஸ் கேன்யன் விளிம்பு 8,000 அடிக்கு மேல். அக்டோபர் ராத்திரியில் தண்ணீர் உறைகிற குளிர். "வெளிக்குழாயைக் கழற்றி வையுங்க, இல்லேன்னா உறைஞ்சிடும்" என்று முகாமில் சொல்ல, இன்ஜினீயர் டார்ச்சோடு இறங்கினார். அப்படியே என்னையும் வெளியே கூப்பிட்டார். ஊர் வெளிச்சம் இல்லாத வானம். பால்வீதி, யாரோ மாவைக் கொட்டிப் பரப்பிவிட்டதுபோல இருந்தது. பழைய மோட்டல் வாசலில் நின்றிருந்தால் விளம்பர விளக்குதான் தெரிந்திருக்கும்.

மறுநாள் விடியலில் விளிம்புக்குப் போனோம். ஆயிரக்கணக்கான செந்நிறக் கல்தூண்கள், கோபுரக் கூட்டம்போல. கீழ்வானத்திலிருந்து முதல் கதிர் பட்டதும் ஒவ்வொன்றாகப் பற்றிக்கொள்வதுபோல ஒளிர்ந்தன. திரும்பிப் பார்க்கிறேன், மருமகள் இல்லை. அவள் வண்டியில் ரவா உப்புமா கிளறிக்கொண்டிருந்தாள்.

எனக்குச் சுருக்கென்றது. மூன்று நாளாக யோசித்துப் பார்த்தேன். ஆறு பேருக்கு மூன்று வேளை, அலமாரி அளவு அடுப்படியில் நானும் அவளுமாக. நான் முழங்கால் வலியோடு கொஞ்சம் உட்காருவேன், அவள் உட்காரவில்லை. பாத்திரம் தேய்க்கத் தண்ணீரை அளந்து செலவழிக்க வேண்டும். ஷவருக்கு வெந்நீர் ஒரு தடவைக்கு 22 லிட்டர்தான். எல்லோரும் குளித்தபின் கடைசியாகக் குளிப்பவளுக்குப் பச்சைத் தண்ணீர். ராத்திரி மேஜையை மடக்கிப் படுக்கையாக்குவதும், காலையில் படுக்கையை மேஜையாக்குவதும் அவள்தான். வருஷத்தில் அலுவலகத்தில் கிடைக்கிற சொற்ப லீவில் ஒரு வாரத்தை எடுத்துக்கொண்டு வந்தவள்.

வீட்டைக் கூட்டிக்கொண்டு போனால் வீட்டு வேலையும் பின்னாலேயே ஏறிக்கொள்ளும் என்பது எந்த விளம்பரத்திலும் இல்லை. இவருக்குக் கிடைத்த நிம்மதிக்கு அவள் சம்பளமில்லாமல் உழைத்துக்கொண்டிருந்தாள்.

அன்று வண்டியில் நான் ஒரு சட்டம் போட்டேன். காலை டிபன் ஆண்கள் பொறுப்பு; ரொட்டியோ கார்ன் ஃபிளேக்ஸோ, கொடுப்பதைச் சாப்பிடுவோம். மத்தியானம் வெளிச் சாப்பாடு. ராத்திரி மட்டும் சாதம், தயிர், திருச்சியிலிருந்து கொண்டுவந்த புளிக்காய்ச்சல். பாத்திரம் தேய்ப்பது மகன். "பேஜ் ஊரில் ஒரு ராத்திரி எனக்கும் உன் பொண்டாட்டிக்கும் மோட்டல் ரூம் போடு" என்றேன். மகன் மறுபேச்சுப் பேசவில்லை. அவனுக்கும் உப்புமா உறைத்திருக்க வேண்டும்.

சின்ன மோட்டல்களின் தெரு

பேஜ் ஊர் பிறந்ததே ஓர் அணையால்தான். கொலராடோ நதியில் கிளென் கேன்யன் அணை கட்டுவதற்காக 1957-ல் உருவான ஊர். அணையில் வேலை செய்தவர்களுக்காகக் கட்டிய குடியிருப்புகள் பிற்பாடு மோட்டல்களாயின. அந்தத் தெருவுக்கு 'சின்ன மோட்டல்களின் தெரு' என்றே பெயர். ஊருக்குள்ளேயே வீட்டு வண்டிகளுக்கான முகாமும் இருக்கிறது. ஆண்கள் வண்டியில்; பெண்கள் மூவரும் மோட்டலில். அமெரிக்க மோட்டல்களில் ஏறத்தாழ பாதி இந்திய வம்சாவளியினரின் கையில், அதிலும் குஜராத்தி பட்டேல்களிடம் இருக்கிறது என்பார்கள். நாங்கள் தங்கிய இடத்திலும் வரவேற்பு மேஜைக்குப் பின்னாலிருந்து ஏலக்காய் டீ வாசனை வந்தது. என் புடவையைப் பார்த்ததும் அந்த அம்மாள் ஒரு கப் நீட்டினார்.

பேத்தி தூங்கியதும் மருமகள் வெந்நீரில் முக்கால் மணி நேரம் குளித்துவிட்டு வந்தாள். "போன தடவை அந்த ரோட்டுல மாமா முகத்தைப் பார்த்தேன் அத்தை. எங்க அப்பாவும் அப்படித்தான், சொல்ல மாட்டார். நாமளும் கேக்க மாட்டோம்" என்றாள். வேறு எதுவும் பேசவில்லை. மறுநாள் காலை எட்டரை மணி வரை தூங்கினாள். நான் சத்தம் காட்டாமல் உட்கார்ந்திருந்தேன்.

அதற்குள் வண்டிக்காரர்கள் ரொட்டியைக் கருக்கிச் சாப்பிட்டுவிட்டு அணையைப் பார்த்து வந்திருந்தார்கள். "மேட்டூர் அணை 214 அடி. இது 710 அடி. எட்டு ஜெனரேட்டர்!" என்று இவர் விரல் விட்டு எண்ணி எண்ணிச் சொன்னார். அந்த உற்சாகத்தை நான் நான்கு வருஷமாகப் பார்க்கவில்லை.

யாருக்கு எது?

கேட்பவர்களுக்கு நான் இப்போது சொல்வது இதுதான். தினமும் ஓர் ஊர், நகரங்கள் நிறைந்த வழி, ஓட்டுகிறவர் ஒரே ஆள், அல்லது வீட்டுப் பெண்களுக்கு நிஜமான ஓய்வு வேண்டும் என்றால் மோட்டல். வயதானவர்களுக்குக் கீழ்த்தளத்தில் அறை வேண்டும் என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள்; லிஃப்ட் இல்லாத இடங்கள் நிறைய. அறையில் சமைக்கலாமா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

கைக்குழந்தையோ, அடிக்கடி கழிப்பறை போக வேண்டியவர்களோ, வெளிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாதவர்களோ இருந்தால், ஒரே இடத்தில் இரண்டு மூன்று நாள் தங்குகிற காட்டுப் பயணம் என்றால் வீட்டு வண்டி. ஆனால் ஒருமுறை இணைப்புகளை மாட்டிவிட்டால் பால் வாங்கக்கூட எல்லாவற்றையும் கழற்றித்தான் கிளம்ப வேண்டும். தேசியப் பூங்கா முகாம்களுக்குப் பல மாதங்கள் முன்பே பதிவு செய்ய வேண்டும். கிளம்பும்முன் வேலைகளைப் பெயர் போட்டு எழுதிப் பிரித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் நடுவில் ஒரு ராத்திரி மோட்டல்.

முக்கியமாக, சிறுநீர் பயத்தில் தண்ணீர் குடிக்காமல் இருக்காதீர்கள். பயண நாளில் மாத்திரையை எப்போது எடுத்துக்கொள்வது என்று டாக்டரைக் கேளுங்கள், நீங்களாக மாற்றாதீர்கள்.

மீண்டும் அந்த 80 மைல்

பேஜிலிருந்து கேமரூன் போகிற அதே சாலை. அதே செம்பாறை, அதே வெட்டவெளி. வண்டிக்குள் பேச்சு தானாகக் குறைந்தது. மகன் கண்ணாடியில் அப்பாவைப் பார்த்துப் பார்த்து ஓட்டினான். பாதி வழியில் இவர், "வண்டியை நிறுத்துப்பா" என்றார். கூச்சமில்லாத, சாதாரணக் குரல். சாலையோரம் அகலமான இடத்தில் நிறுத்தினான். போய்விட்டு வந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டார். பிறகு என் பக்கம் கை நீட்டி, "அந்தத் தண்ணி பாட்டிலைக் கொடு" என்றார். அண்ணாந்து, நிதானமாகப் பாதி பாட்டில் குடித்தார்.

அன்று சாயங்காலம் கிராண்ட் கேன்யன் விளிம்பில் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தோம். மருமகளும் எங்கள் பக்கத்திலேயே இருந்தாள். ராத்திரிச் சாதத்துக்கு மகன் அரிசி களைந்துகொண்டிருந்தான்.

திருச்சி திரும்பிய மறுவாரம் இவராகவே என்னையும் கூட்டிக்கொண்டு சிறுநீரக டாக்டரிடம் போனார். இத்தனை நாள் தனியாகப் போய், 'எல்லாம் சரியாத்தான் இருக்கு' என்று சொல்லிக்கொண்டிருந்தவர்.